வண்டி, மணியார்டர், ஏலக்காய் மூட்டை: ஆப்பிரிக்கத் திரைப்படங்களின் வழியே 'மேற்குத் தொடர்ச்சி மலை'

1963-இல் செனகல் நாட்டின் உஸ்மான் செம்பேன் எடுத்த 'போரோம் சரேத்' ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும் படம். டக்கார் நகரில் குதிரை வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவனின் ஒருநாள் வாழ்க்கை. காலையில் தொழுதுவிட்டுக் கிளம்புகிறான். ஏறுகிறவர்களில் பலர் காசு கொடுப்பதில்லை. முன்னோர் பெருமையைப் பாடும் பாணன் ஒருவனிடம் மயங்கி, கிடைத்த கூலியையும் கொடுத்துவிடுகிறான். கடைசியில் நல்ல உடை அணிந்த ஒருவனை ஏற்றிக்கொண்டு, வண்டிகள் போகக்கூடாத மேட்டுக்குடிப் பகுதிக்குள் நுழைகிறான். போலீஸ்காரன் வண்டியைப் பறித்துக்கொள்கிறான். வண்டிக்காரனின் பதக்கம் கீழே விழுகிறது, போலீஸ்காரனின் பூட்ஸ் அதன்மேல் ஏறுகிறது. சவாரி வந்தவன் காசு கொடுக்காமல் நழுவிவிடுகிறான். வெறுங்கையோடு வீடு திரும்பும் கணவனிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, இன்றிரவு சாப்பாடு உண்டு என்று சொல்லி மனைவி வெளியே போகிறாள். படம் முடிந்துவிடுகிறது.

செனகல் விடுதலை பெற்று மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. வெள்ளைக்காரர்கள் யாரும் இந்தப் படத்தில் வண்டியைப் பறிக்கவில்லை. பறிப்பவனும் கறுப்பன், ஏமாற்றுபவனும் கறுப்பன். புதிய நாட்டின் அரசியலைச் சொல்ல செம்பேனுக்கு ஒரு மேடைப்பேச்சும் தேவைப்படவில்லை. ஒரு வண்டி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதே போதுமானதாக இருந்தது.

இந்தக் கட்டுரை தேனி மாவட்டத்து மலைகளைப் பற்றியது. ஆனால் அந்த மலைகளில் எடுக்கப்பட்ட லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) படத்தைப் பார்த்தபோது என் நினைவுக்கு வந்தது எந்தத் தமிழ்ப் படமும் அல்ல, அந்த வண்டிக்காரன்தான்.

பொருள் கைமாறும் கதைகள்

ஆப்பிரிக்கத் திரைப்படம் என்று ஒற்றைச் சொல்லில் ஒரு கண்டத்தையே அடக்குவது சரியல்ல. எகிப்தின் பழைய ஸ்டூடியோ மரபும் நைஜீரியாவின் வீடியோப் படங்களும் செனகல், மாலி, புர்க்கினா ஃபாசோ இயக்குநர்களின் படங்களும் வேறுவேறு வரலாறு கொண்டவை. இங்கே நான் பேசுவது மேற்கு ஆப்பிரிக்காவின் பிரெஞ்சுக் காலனி நாடுகளில் விடுதலைக்குப் பின் உருவான மரபைப் பற்றி மட்டும். அந்தக் காலனிகளில் யார் படம் எடுக்கலாம், எதை எடுக்கலாம் என்பதை 1934-ஆம் ஆண்டின் லாவால் ஆணை கட்டுப்படுத்தியது. தங்கள் ஊரைத் தாங்களே படம்பிடிக்கும் உரிமைக்காக ஆப்பிரிக்கர்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தொழிலாளியாகவும் தொழிற்சங்கத்துக்காரராகவும் இருந்து, பின் நாவலாசிரியரான செம்பேன், தன் மக்களில் பெரும்பாலோர் புத்தகம் படிக்க முடியாதவர்கள் என்று உணர்ந்து, நாற்பது வயதை நெருங்கும்போது மாஸ்கோ சென்று திரைப்படம் கற்றார்.

அவருடைய 'மன்டாபி' (1968) வொலோஃப் மொழியில் வந்த முதல் முழுநீளப் படம். பாரிஸில் வேலை செய்யும் மருமகன் அனுப்பிய மணியார்டரை மாற்ற முயலும் இப்ராஹிமா தியெங் என்பவரின் கதை. தபால் நிலையத்தில் அடையாள அட்டை கேட்கிறார்கள். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்று வேண்டும். பிறப்புச் சான்றுக்குப் பிறந்த தேதி வேண்டும். அது அவருக்குத் தெரியாது. இதற்கிடையே பணம் வந்த செய்தி கேட்டுக் கடன் கேட்க வருகிறவர்கள் வாசலில் நிற்கிறார்கள். முடிவில், படித்த உறவினன் ஒருவன் உதவுகிறேன் என்று கையெழுத்து வாங்கி மொத்தப் பணத்தையும் அபகரித்துக்கொள்கிறான். தாலுகா அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காக நான்கு முறை நடந்தவர்களுக்கு இந்தப் படத்தின் வசனவரிகள்கூடத் தேவைப்படாது.

இந்தப் படங்களில் மோதல் என்பது நாயகனுக்கும் வில்லனுக்கும் இடையே நடப்பதில்லை. ஒரு பொருள் யாரிடம் இருக்கிறது, யாரிடம் போகிறது, எந்தத் தாள் அதை அனுமதிக்கிறது என்பதில் நடக்கிறது.

ரங்கசாமியின் கணக்கு

'மேற்குத் தொடர்ச்சி மலை'யின் ரங்கசாமி மலையடிவாரத்தில் வாழ்பவன். கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத் தோட்டங்களுக்கும் அடிவாரத்துக்கும் இடையே தலைச்சுமை தூக்குவது அவன் வேலை. விடியுமுன் எழுந்து மலையேறுகிறான். அவனுக்கு இருப்பது ஒரே ஆசை: சொந்தமாக ஒரு துண்டு நிலம். முதல் முயற்சி, விற்பவர்களின் குடும்பத் தகராறால் கிரயம் ஆகும் நேரத்தில் கலைகிறது. அடுத்து, சேர்த்த பணத்தைப் போட்டு வாங்கிய ஏலக்காய் மூட்டை மலைச்சரிவில் உருண்டு போகிறது. பிறகு திருமணம், தெரிந்தவர்களின் உதவியோடு ஒருவழியாக நிலம், குழந்தை. அதன்பின் தோட்டத்தில் தொழிலாளர் பிரச்சினை, தலைமையின் துரோகம், கொலை, சிறை. திரும்பி வரும்போது நிலம் விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனில் மூழ்கியிருக்கிறது. ஊர்க்காரனான லோகுவின் வழியாக அது காற்றாலை நிறுவனத்துக்குப் போகிறது. கடைசியில் தன் நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு ரங்கசாமியே சீருடை போட்ட காவலாளி.

சுருக்கமாகச் சொன்னால் மிகையான சோகக்கதை போலத் தோன்றும். படத்தைப் பார்க்கும்போது அப்படித் தோன்றாததற்குக் காரணம் அதன் நடை. ஏறக்குறைய பாதிப் படம் மலையில் நடப்பதிலேயே கழிகிறது. எந்த இடத்தில் மூச்சு வாங்கும், எங்கே சுமையை இறக்கிவைக்கலாம், வழியில் எந்தக் கடையில் டீ கிடைக்கும் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவு மலையை அழகாகக் காட்டாமல் இல்லை. ஆனால் அந்த அழகுக்குள் ஒருவன் எத்தனை கிலோவைத் தலையில் வைத்திருக்கிறான் என்பதை மறக்கவிடுவதில்லை. இளையராஜா பல இடங்களில் இசையை விலக்கிக்கொள்கிறார். பண்ணைப்புரத்தில் பிறந்தவருக்கு அந்த மலையின் ஓசையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரங்கசாமியாக நடித்த ஆண்டனியின் முகத்தில் பெரிய உணர்ச்சிகள் வருவதே இல்லை. மூட்டை விழும் காட்சியிலும் அவர் அலறுவதில்லை. தமிழ்ப் பார்வையாளருக்கு இது பழக்கமில்லாத நடிப்பு. வண்டியை இழந்து குதிரையை மட்டும் பிடித்துக்கொண்டு நடக்கும் டக்கார்காரனின் முகமும் இப்படித்தான் இருந்தது.

தேனி மண் தமிழ்த் திரைக்குப் புதிதல்ல. அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா '16 வயதினிலே' படத்தோடு வந்த 1977-ஆம் ஆண்டில்தான் செம்பேனின் 'செட்டோ'வும் வந்தது. தமிழ்க் கிராமத்து மனிதர்களின் பேச்சும் நடையும் திரைக்கு வந்ததில் பாரதிராஜாவின் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. 'வேதம் புதிது' (1987) சாதியை நேரடியாகவே பேசியது. ஆயினும் அந்த மரபில் நிலம் பெரும்பாலும் உணர்ச்சிகள் நிகழும் களமாகவே இருந்தது. அதன் விலை என்ன, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று அந்தப் படங்கள் கேட்பது அரிது. பாலாவின் 'பரதேசி' (2013) தேயிலைத் தோட்டத்துக் கங்காணி முறையையும் கடன் அடிமைத்தனத்தையும் எடுத்துக்கொண்டது. பி.எச். டேனியலின் ஆங்கில நாவலை ('எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்தது) அடிப்படையாகக் கொண்ட அந்தப் படம் வலியைக் காட்டுவதில் உச்சத்துக்குப் போனது. ஆனால் கொடுமை வெள்ளைக்காரன் காலத்தோடு முடிந்துவிட்ட ஒன்று போன்ற பாதுகாப்பான தூரம் அதில் இருக்கிறது. லெனின் பாரதி அந்தத் தூரத்தை எடுத்துவிட்டார்.

மொழி எல்லையில் ஓர் அரசியல்

இந்தப் படத்தின் துணிச்சலை உணர, 2011 டிசம்பரை நினைவுகூர வேண்டும். முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை முற்றி, கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் குமுளி எல்லையை நோக்கிப் புறப்பட்டார்கள். இடுக்கியின் ஏலத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் பலர் அஞ்சி மலையிறங்கி வந்தார்கள். அதற்குச் சற்று முன்புதான், அணை உடைவதைக் கதையாகக் கொண்ட 'டேம் 999' படத்தைத் தமிழக அரசு தடை செய்திருந்தது. அந்தச் சூழலில் வளர்ந்த ஒரு பார்வையாளர், தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே நடக்கும் ஒரு படத்தில் எதை எதிர்பார்ப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

படம் அதைத் தரவில்லை. தொழிலாளருக்காக நிற்கும் தோழர் சாக்கோ மலையாளி. ரங்கசாமியின் நிலத்தைக் கடைசியில் கைமாற்றிவிடும் லோகு சொந்த ஊர்க்காரன். தொழிற்சங்கத்தின் தலைமையே தோட்ட முதலாளியோடு கைகோக்கிறது. சாலை வருவது முன்னேற்றம் என்று சொல்லப்படுகிறது. ஆனால் சாலை வந்தால் சுமைதூக்குபவன் என்ன செய்வான் என்று கேட்பவன் சாக்கோ மட்டும்தான். செம்பேனின் 'ஸாலா' (1975) படத்தில் பிரெஞ்சுக்காரர்களை வெளியேற்றிவிட்டு வணிகச் சங்கத்தைக் கைப்பற்றும் ஆப்பிரிக்க வணிகர்கள், அடுத்த காட்சியிலேயே அதே பிரெஞ்சுக்காரர்கள் கொடுக்கும் பணப்பெட்டிகளைத் திறந்து பார்க்கிறார்கள். தன்னவன், அயலான் என்ற பிரிவைக் கொண்டு சுரண்டலை விளங்கிக்கொள்ள முடியாது என்பதை இரண்டு படங்களும் காட்சியாகவே காட்டுகின்றன.

அடையாள அரசியலைத் தொடும் படங்களுக்கு அரசு எப்படி எதிர்வினையாற்றும் என்பதற்குச் செனகலில் ஒரு விசித்திரமான சான்று உண்டு. இசுலாமியமயமாக்கலையும் அடிமை வணிகத்தையும் எதிர்க்கும் பழங்குடி மக்களைப் பற்றிய 'செட்டோ'வை, கவிஞரும் குடியரசுத் தலைவருமான செங்கோர் தடுத்தார். வெளியே சொன்ன காரணம், தலைப்பில் ஒரு 'ட' எழுத்து கூடுதலாக இருக்கிறது என்பது. எழுத்துப்பிழைக்காகத் தடை செய்யப்பட்ட படம் உலகில் வேறு இருக்குமா தெரியவில்லை.

படம் தயங்கும் இடங்கள்

பாராட்டோடு நிறுத்திக்கொள்வது இந்தப் படத்துக்குச் செய்யும் நியாயமல்ல. இரண்டு இடங்களில் அது தன் சொந்த முறையிலிருந்து விலகுகிறது.

முதலாவது, கொலை. அதுவரை பொறுமையாக ஒவ்வொரு ரூபாயையும் எண்ணி வந்த படம், துரோகம் வெளிப்பட்டதும் அரிவாளைக் கையிலெடுக்கிறது. தொழிலாளர்களின் கோபம் பொய்யானதல்ல. ஆனால் அந்த இடத்தில் படம் தமிழ்த் திரையின் பழைய பாதைக்குத் திரும்பிவிடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. கொலை நடக்காமலிருந்தாலும் ரங்கசாமி நிலத்தை இழந்திருப்பான். கடனும் உரக்கடையும் அதைச் செய்திருக்கும். சிறை என்ற நிகழ்ச்சி, அந்த மெதுவான பறிப்புக்கு ஒரு விபத்தின் தோற்றத்தைக் கொடுத்துவிடுகிறது. செம்பேனின் 'கெல்வார்' (1992) இதே சிக்கலை வேறுவிதமாகக் கடக்கிறது. வெளிநாட்டு உணவு உதவியை எதிர்த்துப் பேசிய ஒரு கத்தோலிக்கரின் உடல் தவறுதலாக முஸ்லிம் இடுகாட்டில் புதைக்கப்படுகிறது. இரண்டு சமயத்தாரும் மோதலின் விளிம்பில் நிற்கிறார்கள். ரத்தம் சிந்தும் என்று நாம் காத்திருக்கும்போது, படத்தின் முடிவில் இளைஞர்கள் உதவித் தானிய மூட்டைகளைக் கிழித்துப் பாதையில் கொட்டுகிறார்கள். இறுதி ஊர்வலம் அந்தத் தானியத்தின்மேல் நடந்து போகிறது. பசித்த ஊரில் தானியத்தை மிதிப்பதைப் பார்ப்பது எந்தக் கொலைக் காட்சியையும்விடக் கடினமானது.

இரண்டாவது, ஈஸ்வரி. ரங்கசாமி சிறையில் இருக்கும் ஆண்டுகளில் நிலத்தோடு இருந்தவள் அவள்தான். விதை வாங்கியவள், கடன் கேட்டவள், விளைச்சல் பொய்த்தபோது அடுத்த கடனுக்கு நின்றவள். இந்தப் படத்தின் உண்மையான அரசியல் நாடகம் அந்த ஆண்டுகளில்தான் நடக்கிறது. மலையேறும் ஒரு நாளுக்கு அத்தனை நேரம் கொடுத்த படம், அந்த ஆண்டுகளை ஒரு சில காட்சிகளில் கடந்துவிடுகிறது. காயத்ரி கிருஷ்ணாவின் நடிப்பில் அதற்கான இடம் இருந்தது. 'போரோம் சரேத்' படத்திலும் குழந்தையைக் கொடுத்துவிட்டு வெளியே போகும் மனைவியைக் கேமரா பின்தொடரவில்லை. செம்பேன் அந்தக் கதவருகே நாற்பது ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தார்: 'மூலாதே' (2004) படத்தில், பெண்ணுறுப்புச் சிதைப்புக்குத் தப்பி வந்த சிறுமிகளுக்கு அடைக்கலம் கொடுத்து ஊரையே எதிர்க்கும் கொல்லே முழுப்படத்தையும் தாங்குகிறாள். தேனி மலைகளின் ஈஸ்வரிகளுக்கு அப்படி ஒரு படம் வர வேண்டியிருக்கிறது.

சாதியும் இதில் சேரும். நிலம் வாங்க முடியாமல் போவதற்கு நம் ஊர்களில் பணம் மட்டும் காரணமல்ல என்பதை அங்கே வாழ்பவர்கள் அறிவார்கள். வர்க்கத்தை இவ்வளவு நுட்பமாகப் பார்த்த படம் சாதியைப் பின்னணியிலேயே விட்டுவிட்டது.

வருசநாட்டுக்கு ஒரு படம்

தேனியிலிருந்து வருசநாட்டுக்குப் போகும் பாதையில் கண்டமனூரைத் தாண்டும்போது காற்றாலைகள் தெரியும். படத்தின் கடைசிக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அவற்றை வெறும் மின்சாரமாகப் பார்ப்பது கடினம். கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை கடந்து மேலே போகப்போக இலவ மரங்களும் முந்திரியும் எலுமிச்சைத் தோட்டங்களும் வரும். மூல வைகை இந்த மலைகளில்தான் பிறக்கிறது.

ரங்கசாமியின் கதையைவிடச் சிக்கலான கதை இங்கே இருக்கிறது. வறண்ட கீழ்நாட்டு ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடி மலைக்கு வந்து காட்டைத் திருத்தி இலவமும் பீன்ஸும் போட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது தாத்தா காலத்து வெள்ளாமை. வனத்துறையின் கோப்புகளில் அது ஆக்கிரமிப்பு. அவர்களுக்கு முன்பே காட்டில் வாழ்ந்த பளியர்கள் இருக்கிறார்கள். காடு அழிந்ததால்தான் ஆறு வறண்டது என்று சொல்லும் வைகைக் கரை விவசாயிகள் இருக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஒருபுறம், வெளியேற்றக் கோரும் நீதிமன்ற வழக்குகள் மறுபுறம். 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டபின் பதற்றம் கூடியது. இதில் யாரை வில்லனாக்குவது? இலவங்காய் பறிக்கும் குடும்பத்தையா, மதுரைக்குத் தண்ணீர் வேண்டும் என்பவரையா, புலியையா?

வழக்கமான தமிழ்ப் படம் இங்கே ஒரு கெட்ட வனத்துறை அதிகாரியைக் கண்டுபிடித்துத் தப்பித்துவிடும். இந்த இடத்தில் உதவக்கூடியவர் செம்பேனைவிட அப்தர்ரஹ்மான் சிஸாக்கோ என்று நினைக்கிறேன். அவருடைய 'பமாக்கோ' (2006) படத்தில் மாலி நாட்டுத் தலைநகரில் ஒரு வீட்டு முற்றத்தில் நீதிமன்றம் கூடுகிறது. குற்றவாளிக் கூண்டில் உலக வங்கியும் சர்வதேச நிதியமும். வழக்கறிஞர்கள் கடனையும் தனியார்மயத்தையும் பற்றி வாதாடுகிறார்கள். அதே முற்றத்தில் பெண்கள் துணிக்குச் சாயம் தோய்க்கிறார்கள், குழந்தை காய்ச்சலில் கிடக்கிறது, ஒரு பாடகிக்கும் கணவனுக்கும் இடையே மணவாழ்க்கை முறிகிறது. வழக்கும் வாழ்க்கையும் ஒன்றையொன்று விழுங்காமல் அருகருகே நடக்கின்றன. இரு தரப்பு வாதமும் முழுமையாகக் கேட்கப்படுகிறது. நிதி நிறுவனங்களின் வழக்கறிஞருக்கும் பேச நேரம் கிடைக்கிறது.

லெசோத்தோ நாட்டின் லெமொஹாங் ஜெரமையா மொசேசே எடுத்த 'இது அடக்கமல்ல, உயிர்த்தெழல்' (2019) இன்னும் நெருக்கமானது. அணைக்காக ஊரையும் இடுகாட்டையும் விட்டுப் போகச் சொல்லும்போது, தன் மரணத்தை எதிர்நோக்கியிருக்கும் எண்பது வயது மந்தோவா மறுத்து நிற்கிறாள். 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணைக்காக ஊர் இழந்தவர்களின் கதையை வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' நாவலாக்கியது. அணைக்குக் கீழே பாசனம் பெற்றவர்களும் அதே தேனி, மதுரை மண்ணின் மக்கள்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க ஒரு திரைப்படத்துக்கு வாய்ப்பிருக்கிறது.

'பமாக்கோ'வில் ஒரு காட்சி. முதிய விவசாயி ஒருவர் படத்தின் தொடக்கத்திலேயே பேச எழுகிறார். உன் முறை வரவில்லை என்று உட்கார வைக்கிறார்கள். வெகுநேரம் கழித்து அவர் முறை வரும்போது அவர் பேசுவதில்லை, பாடுகிறார். கட்டளைபோல, ஒப்பாரிபோல நீளும் பாட்டு. சிஸாக்கோ அதற்கு வசனவரி போடவில்லை. முற்றத்தில் இருக்கும் பலருக்கும் அந்த மொழி தெரியாது. நீதிபதி உட்பட அனைவரும் முடியும்வரை கேட்கிறார்கள்.